சதகுப்பை ஊர்க்காரர்

கோப்பர்நிக்கஸ் என்றால் நமக்கு ஒரு பள்ளிக்கூடப் பாடம். நடுவில் சூரியன், சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு, ஓரத்தில் நீள முடியோடு ஒருத்தர் படம். பூமிதான் சூரியனைச் சுற்றுதுன்னு சொன்ன போலந்துக்காரர். பரீட்சைக்கு அது போதும். எனக்கு என்னவோ ஊர்ப்பேர், ஆள்பேர் என்றால் ஒரு பைத்தியம். ஒரு பேரைப் பார்த்தால் அது எங்கே கிளம்பி எந்த வழியா வந்ததுன்னு தோண்டாமல் இருக்க முடியாது. அதனால இந்தப் பதிவு அவர் கொள்கையைப் பற்றி இல்லைங்க. அவர் வீட்டுப் பேரைப் பற்றி.

அந்தப் பேருக்கு நடந்தது ரொம்ப விசித்திரம். நிலாவில் ஒரு பெரிய பள்ளத்துக்கு அந்தப் பேர். தனிம அட்டவணையில் 112-ஆவது தனிமத்துக்கு அந்தப் பேர். டெல்லியில் மண்டி ஹவுஸ் பக்கம் போனால் ஒரு சாலைக்கே அந்தப் பேர். ஆனால் அந்தப் பேரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அவர் கூடப் பிறந்தவர்கள் உட்பட அந்த வீட்டில் ஒருத்தரும் மிஞ்சலை. உலகம் முழுக்கப் பரவின அதே 1543-ஆம் வருஷம், பிறந்த வீட்டில் அந்தப் பேர் அணைஞ்சு போச்சு. இன்றைக்குப் போலந்திலேயே அது தேடிப் பிடிக்க வேண்டிய அபூர்வமான குடும்பப் பேர்.

கதையை முதல்ல இருந்து சொல்றேன்.

போலந்து மொழியில் அவர் பேர் மிக்கோவாய் கோபெர்னிக். மிக்கோவாய் நம்ம நிக்கோலஸ்தான். கோபெர்னிக் குடும்பப் பேர். கோப்பர்நிக்கஸ் என்பது அதுக்கு லத்தீன் சட்டை மாட்டின உருவம். அந்தக் காலத்தில் படிச்சவங்க எல்லாரும் லத்தீனில் எழுதுவாங்க, பேரையும் லத்தீன் ஆக்கிக்குவாங்க. கடைசியில் ஒரு 'உஸ்' சேர்த்தால் வேலை முடிஞ்சது.

போலந்தின் தென்மேற்கில் சிலேசியா என்று ஒரு பகுதி. அங்கே நிசா என்று ஒரு பழைய நகரம். அதுக்குத் தெற்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டின மாதிரி, கோபெர்னிகி என்று ஒரு கிராமம் இருக்கு. பழைய ஆவணங்களில் ஊர்ப்பேரே கோபெர்னிக், கோபிர்னிக், கொப்பிர்னிக் என்று விதவிதமா வரும். 14-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் இருந்து சிலர் பிழைப்புத் தேடிக் கிளம்பினாங்க. சிலேசியாவின் மற்ற நகரங்களுக்குப் போனாங்க, அன்றைக்குத் தலைநகரா இருந்த கிராக்கோவுக்குப் போனாங்க, வடக்கே விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கிற தோருன் வரைக்கும் போனாங்க. கிராக்கோவ் ஆவணங்களில் 1367-லேயே இந்தப் பேர் தென்படுது. தோருனில் 1400-இல்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கணும். கோபெர்னிகி ஊருக்குள்ளே யாரையும் கோபெர்னிக் என்று கூப்பிட்டிருக்க மாட்டாங்க. ஊரே கோபெர்னிகிதானே, அப்புறம் யாரை யாரோடு பிரிச்சுக் காட்ட? ஊரை விட்டு வெளியே போனவனுக்குத்தான் அந்தப் பேர் ஒட்டும். கிராக்கோவ் சந்தையில் நாலு நிக்கோலஸ் இருந்தால், "யாருப்பா அது? ஓ, அந்தக் கோபெர்னிக் ஊர்க்காரனா?" என்று கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிட்ட பேர். அதாவது ஊரை விட்டு வந்தவன் என்பதற்கு அடையாளமே இந்தப் பேர்.

போலந்துக் குடும்பப் பேர்கள் லட்சக்கணக்கில் இருக்கு. அவை பிறந்த வழிகள் என்னவோ கொஞ்சம்தான். ஒண்ணு, தொழில். 'கோவால்' என்றால் கொல்லர், அதிலிருந்து கோவால்ஸ்கி. இன்னொண்ணு, ஊர். 'விஷ்னியா' என்றால் ஒரு வகைச் செர்ரிப் பழம், அதை வைத்து விஷ்னியேவோ என்று பல ஊர்கள், அந்த ஊர்களில் இருந்து விஷ்னியெவ்ஸ்கி. மூணாவது, அப்பா பேர். 'விச்' என்று முடியும் பேர்களில் பல அந்த வகை. நாலாவது, பட்டப்பேர். போலந்தில் இன்றைக்கு முதலிடத்தில் இருக்கிற நோவாக் என்ற பேருக்குப் 'புதுசா வந்தவன்' என்றுதான் அர்த்தம். நோவாக்குகள் மட்டும் 2 லட்சம் பேருக்கு மேல் இருக்காங்க. ஊருக்கு ஊர் புதுசா ஒருத்தன் வந்துக்கிட்டேதானே இருப்பான்!

'ஸ்கி' என்ற முடிவு ஆரம்பத்தில் நிலம் வைத்திருந்த பிரபுக்களோட அடையாளம். இன்ன ஊர் என்னுது என்று பெருமையாச் சொல்ற முடிவு அது. அப்புறம் மற்றவங்களும் எடுத்துக்கிட்டாங்க. நம்ம கோபெர்னிக்கில் அந்த 'ஸ்கி' கிடையாது. ஊர் எனக்குச் சொந்தம் என்று சொல்ற பேர் இல்லை இது. ஊரில் இருந்து கிளம்பி வந்தேன் என்று மட்டும் சொல்ற வியாபாரிங்க பேர், கைத்தொழில்காரங்க பேர்.

சரி, கோபெர்னிகி என்ற ஊருக்கு என்ன அர்த்தம்? இதில்தான் நூறு வருஷத்துக்கும் மேலா இழுபறி. போலந்து மொழியில் 'கோபெர்' என்றால் சதகுப்பை. ஆமாங்க, நாட்டு மருந்துக் கடையில் விற்கிற அதே சதகுப்பை. போலந்து சமையலில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வேகவைத்த உருளைக்கிழங்கு மேலே தூவுவாங்க, வெள்ளரிக்காய் ஊறுகாயில் தண்டோடு போடுவாங்க. 'னிக்' என்பது ஸ்லாவிய மொழிகளில் ஆளைக் குறிக்கிற விகுதி. ரெண்டையும் சேர்த்தால், சதகுப்பை பயிர் பண்றவன், சதகுப்பை விற்கிறவன். 'னிகி' என்றால் பன்மை. சதகுப்பைக்காரங்க ஊர்.

ஜெர்மன் பக்கத்தில் சிலர் சொல்றது வேற. ஜெர்மனில் செம்புக்கு 'குப்ஃபர்'. அதனால இது செம்பு ஊர் என்பாங்க. அதுக்குத் தோதா ஒரு பொருத்தமும் இருக்கு. வானியலாளரோட அப்பா செம்பு வியாபாரிதான். கிராக்கோவில் இருந்து செம்பை வடக்கே கொண்டு போய் க்தான்ஸ்க் துறைமுகத்தில் விற்றவர். ஆனால் யோசிச்சுப் பாருங்க, இந்தப் பேர் கிராக்கோவ் ஆவணத்தில் வந்தது அவர் பிறக்கிறதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடி. அவர் செம்பு விற்றதால் அந்தப் பேர் வந்திருக்க வழியே இல்லை. ஊர்ப்பேரில் செம்பு இருக்கா என்ற கேள்வி வேணும்னா மிஞ்சும். கடைசியில் இருக்கிற 'னிக்' ஸ்லாவிய விகுதி என்பதால் என் ஓட்டு சதகுப்பைக்குத்தான்.

இந்தச் செம்பு வியாபாரி பேரும் நிக்கோலஸ்தான். 1458 வாக்கில் கிராக்கோவை விட்டுத் தோருனுக்குக் குடி போனார். அங்கே பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டினார். பார்பரா வாட்சன்ரோடே. நாலு பிள்ளைங்க. கடைக்குட்டிதான் நம்ம ஆள். பிறந்தது 1473 பிப்ரவரி 19.

இந்த இடத்தில் தோருனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும், இல்லைன்னா பின்னாடி வரும் சண்டை புரியாது. 13-ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மன் மதப்படை கட்டின ஊர் அது. வியாபாரிகள் பெரும்பாலும் ஜெர்மன் பேசறவங்க. ஆனால் அவங்களே 1454-இல் அந்தப் படைக்கு எதிரா எழுந்து, போலந்து ராஜாவோடு சேர்ந்துக்கிட்டாங்க. 13 வருஷம் சண்டை. 1466-இல் சமாதானம். அதில் தோருன் போலந்து ராஜாவின் கீழே வந்தாச்சு. கோப்பர்நிக்கஸ் பிறந்தது அதுக்கு ஏழு வருஷம் கழிச்சு. ஆக, ஜெர்மன் பேசின ஊரில், போலந்து ராஜாவின் குடிமகனா, சிலேசிய ஊர்ப்பேரோடு பிறந்த பிள்ளை. அவர் எழுதினது லத்தீனிலும் ஜெர்மனிலும். 1520-இல் அதே டியூட்டானிக் படை ஓல்ஷ்டின் கோட்டையைப் பிடிக்க வந்தப்ப, உதவிப்படை கேட்டுப் போலந்து ராஜாவுக்குக் கடிதம் எழுதி, கோட்டையைக் காப்பாத்தினதும் அவர்தான். இந்த ஆளை ஒரே நாட்டுக் கொடிக்குள் சுருட்டி வைக்க முடியுமா சொல்லுங்க?

பேர் எழுதற விஷயத்திலும் அதே கதைதான். அவர் சின்னப் பையனா இருந்தப்ப, 1480 வாக்கில், தோருன் பதிவில் அப்பா பேர் நிக்லஸ் கொப்பெர்னிக்க். கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் 1491-இல் பையன் சேர்ந்தப்ப குடும்பப் பேரே கிடையாது. 'நிக்கோலஸ், நிக்கோலஸ் மகன், தோருன்' என்று லத்தீனில் எழுதியிருக்கு. அவ்வளவுதான். ஊரும் அப்பா பேரும் போதும்! இனிஷியல் போட்டே காலத்தை ஓட்டுற நமக்கு இது ஒண்ணும் புதுசில்லை. 1496-இல் இத்தாலியில் பொலோனா பல்கலைக்கழகம் போனார். அங்கே இருந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி 'கொப்பெர்லிங்க்' என்று எழுதி வைத்துட்டார். பதுவாவில் 'கோபெர்னிக்'. அப்புறம் லத்தீனில் 'கொப்பெர்னிகுஸ்', இரண்டு பி போட்டு. வயசான காலத்தில் ஒரு பி குறைஞ்சுடுச்சு. அவர் கையெழுத்து இருக்கிற 31 ஆவணங்களை எடுத்துப் பார்த்ததில் 23-இல் இரட்டை பி. மிச்சத்தில் வேற மாதிரி.

இதில் அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாத் தெரியலை. அன்றைக்குக் குடும்பப் பேர் என்பது இன்னும் முழுசா இறுகாத களிமண். சட்டம், பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட்டு எல்லாம் வந்து அதைச் சுட்டு ஓடாக்கினது ரொம்பப் பின்னாடி. போலந்தைப் பக்கத்து ராஜ்யங்கள் மூணும் பங்கு போட்டுக்கிட்ட 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான், எல்லாரும் ஒரே பேரை மாற்றாமல் வைத்திருக்கணும் என்கிற கட்டாயம் வலுக்க ஆரம்பிச்சது.

அவருக்கு இல்லாத கவலை பின்னாடி வந்தவங்களுக்கு நிறைய இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தேசியம் தலைக்கேறினதும் ஒற்றை பி-யா இரட்டை பி-யா என்பதே ஒரு யுத்தம் ஆச்சு. லியோபோல்ட் ப்ரோவே என்ற ஜெர்மன் அறிஞர் 1883-இல் பெரிய வாழ்க்கை வரலாறு வெளியிட்டார், தலைப்பிலேயே இரட்டை பி. அது ஜெர்மன் சாயல். ஒற்றை பி போலந்துக்குச் சாதகம். பொலோனாவில் 'ஜெர்மன் தேச' மாணவர் சங்கத்தில் பேர் கொடுத்திருக்காரே, அப்ப ஜெர்மன்தானே என்பாங்க. அந்தக் காலத்து 'தேசம்' என்பது பல்கலைக்கழகத்தில் எந்தத் திசையில் இருந்து வந்தாய் என்று பிரிக்கிற மாணவர் குழு, அதுக்கும் குடியுரிமைக்கும் சம்பந்தம் இல்லை என்று இவங்க பதில் சொல்வாங்க. இந்தச் சண்டை வானத்துக்கும் போயிருக்கு. 1934-இல் ஹைடல்பெர்க் நகரில் கண்டுபிடிச்ச 1322 என்ற எண் கொண்ட சிறுகோளுக்கு அவர் பேர் வச்சாங்க. இன்னும் அங்கே இரட்டை பி-யோடுதான் சுத்திக்கிட்டு இருக்கு.

எழுத்துச் சண்டை உயிர்ச் சண்டை ஆன ஒரு சம்பவமும் உண்டு. வார்சாவில் கோப்பர்நிக்கஸ் சிலை ஒண்ணு இருக்கு. டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் செஞ்சது, 1830-இல் திறந்தாங்க. பீடத்தில் 'மிக்கோவாய் கோபெர்னிக்குக்கு அவர் நாட்டு மக்கள்' என்கிற பொருளில் போலந்து மொழி வாசகம். இரண்டாம் உலகப்போரில் நகரத்தைப் பிடிச்ச நாஜிகள் அந்த எழுத்து மேலேயே ஜெர்மன் மொழிப் பலகையை அறைஞ்சுட்டாங்க. 1942 பிப்ரவரி 11 அன்று மாச்செய் அலெக்ஸி தவிதோவ்ஸ்கி என்ற 21 வயசுச் சாரணர் இயக்கத்துப் பையன், பட்டப்பகலில் போய்த் திருகாணியைக் கழற்றி, பலகையைத் தூக்கிட்டான். ஜெர்மன்காரங்களுக்குக் கோபம். பழிவாங்க, 1794 எழுச்சியில் வார்சாவை வழிநடத்தின செருப்புத் தைக்கும் தொழிலாளி யான் கிலின்ஸ்கியோட சிலையைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குள் அடைச்சு வச்சாங்க. சில நாளில் அருங்காட்சியகச் சுவரில் பெரிய எழுத்து: வார்சா மக்களே, நான் இங்கேதான் இருக்கேன் என்று கிலின்ஸ்கியே சொல்ற மாதிரி. அப்புறம் ஊர் முழுக்கச் சுவரொட்டி. கிலின்ஸ்கி சிலையை எடுத்ததுக்குப் பதிலடியா குளிர்காலத்தை இன்னும் ஆறு வாரம் நீட்டிக்கிறேன் என்று உத்தரவு. கீழே கையெழுத்து, வானியலாளர் கோபெர்னிக்!

ரஷ்யப் பனியில் ஜெர்மன் படை விறைச்சுக்கிட்டு இருந்த வருஷம் அது. ஊர் எப்படிச் சிரிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அந்தப் பையன் அடுத்த வருஷம் மார்ச் மாசம், பிடிபட்ட நண்பனை மீட்கும் சண்டையில் காயம்பட்டுச் செத்துப்போனான். ஒரு பேர் எந்த மொழியில் இருக்கணும் என்பதுக்காக உயிரைப் பணயம் வைக்கிறது நமக்கு அதிகப்படியாத் தெரியலாம். சொந்தப் பேரையே அழிக்க வந்தவன் எதிரில் நிற்கும்போது கணக்கு வேறயா இருக்கும் போல.

சரி, அந்த நாலு பிள்ளைங்க விஷயத்துக்கு வருவோம். பேர் அணைஞ்சது எப்படின்னு அங்கேதான் இருக்கு.

அப்பா 1483-இல் காலமானார். நம்ம ஆளுக்கு வயசு பத்து. தாய்மாமன் லூக்காஸ் வாட்சன்ரோடே பொறுப்பை ஏத்துக்கிட்டார். மாமா பெரிய படிப்பாளி, பெரிய செல்வாக்கு, 1489-இல் வார்மியா மறைமாவட்டத்துக்கு ஆயர் ஆனார். மருமகன்கள் ரெண்டு பேரையும் இத்தாலிக்கு அனுப்பிப் படிக்க வச்சார். வாழ்நாளுக்கும் கஷ்டம் இல்லாத வேலையும் வாங்கிக் கொடுத்தார். என்ன வேலை? ஃப்ரோம்போர்க் பேராலயத்தில் கேனன் பதவி. நல்ல வருமானம், வீடு, வேலையாள் எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணம் கூடாது.

ஆக, அண்ணன் அந்திரயாஸ் கேனன். தொழுநோய் என்று அன்றைக்குச் சொன்ன ஒரு நோய் வந்து 1518 வாக்கில் இறந்துபோனார். தம்பி நிக்கோலஸ் கேனன். அக்கா பார்பரா கன்னியர் மடத்தில் சேர்ந்து துறவி ஆயிட்டார். இன்னொரு அக்கா காத்தரீனா மட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்டார். தோருன் நகரசபையில் இருந்த கெர்ட்னர் என்ற வியாபாரி மாப்பிள்ளை. அஞ்சு குழந்தைங்க. அவங்களைக் கடைசி வரை கண்ணா வச்சுப் பார்த்துக்கிட்டது தாய்மாமன் கோப்பர்நிக்கஸ்தான். ஆனால் அந்தக் குழந்தைங்க பேர் கெர்ட்னர்.

பாருங்க, நாலு பேரும் நல்லாத்தான் வாழ்ந்தாங்க. யாரும் பேரை அழிக்கணும்னு நினைக்கலை. மாமா செஞ்ச உதவியிலேயே பேரோட முடிவும் இருந்திருக்கு.

கோப்பர்நிக்கஸ் வீட்டில் அன்னா ஷில்லிங் என்று ஒரு பெண் வீட்டைப் பார்த்துக்கிட்டாங்க. 1530-களில் அது ஊர் வாய்க்கு அவலாச்சு. டான்டிஸ்குஸ் என்ற ஆயர் கடிதத்து மேல் கடிதம் போட்டு அவங்களை வெளியே அனுப்ப வச்சார். குழந்தை இருந்ததா எந்தத் தடயமும் இல்லை. வேடிக்கை என்னன்னா, டான்டிஸ்குஸ் என்ற பேருக்கே 'டான்சிக் ஊர்க்காரர்' என்றுதான் அர்த்தம். க்தான்ஸ்க்கோட ஜெர்மன் பேர் டான்சிக். அவரும் ஊர்ப்பேர்க்காரர்தான்.

இதைவிட வினோதம், கோப்பர்நிக்கஸ் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்த ஆளோட கதை. 1539-இல் ஒரு இளம் கணித ஆசிரியர் ஃப்ரோம்போர்க்குக்குத் தேடிக்கிட்டு வந்தார். ரெட்டிகுஸ். அவரோட அப்பா மருத்துவர், பேர் இசெரின். சூனியக் குற்றம் சாட்டி 1528-இல் அவர் தலையை வெட்டிட்டாங்க. குடும்பம் இனி இசெரின் என்ற பேரை வச்சுக்கக் கூடாதுன்னு தடை வேற. அம்மா வழிப் பேர் 'தெ போர்ரிஸ்'. அதுக்கு லீக்ஸ், அதான் வெங்காய இனத்து ஒரு செடி என்று அர்த்தம். பையன் அதை ஜெர்மனில் 'லௌகன்' என்று மொழிபெயர்த்துக்கிட்டார். அதுவும் போதாமல், தான் பிறந்த வட்டாரத்துக்கு ரோமானியர் வச்ச பழைய பேர் ரெட்டியா என்பதை எடுத்து ரெட்டிகுஸ் ஆயிட்டார். சட்டம் பேரைப் பிடுங்கின ஒருத்தர், வாரிசு இல்லாத இன்னொருத்தர் பேரைக் காப்பாத்த வந்திருக்கார். கிழவரைச் சம்மதிக்க வச்சு, கையெழுத்துப் பிரதியை வாங்கிட்டுப் போய் நியூரம்பெர்க்கில் அச்சுக்குக் கொடுத்தார்.

1543-இல் புத்தகம் வந்தது. முகப்பில் லத்தீனில் தோருன் ஊர் கோப்பர்நிக்கஸ் என்று, ஒற்றை பி-யோடு. மே 24 அன்று அவர் கண்ணை மூடினார். சாகிற அன்றைக்குத்தான் அச்சான புத்தகத்தைப் பார்த்தார், அதுவும் மூச்சு அடங்குற நேரத்தில் என்று அவர் நண்பர் ஆயர் கீசே கடிதத்தில் எழுதியிருக்கார். அன்றோடு செம்பு வியாபாரி வீட்டில் கோபெர்னிக் என்று சொல்லிக்க ஆள் இல்லை.

பேர் ஏன் இப்படி அணையுது என்பதுக்கு ஒரு கணக்கே இருக்கு. 1873-இல் இங்கிலாந்தில் ஃப்ரான்சிஸ் கால்டன் ஒரு கேள்வி கேட்டார்: குடும்பப் பேர்கள் ஏன் மறைஞ்சுக்கிட்டே போகுது? வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டுப் பதில் சொன்னார். விஷயம் எளிது. பேர் மகன் வழியா மட்டும்தான் இறங்குது. ஒரு தலைமுறையில் மகளே பிறந்தாலும், மகன் சின்ன வயசில் போனாலும், சாமியாராப் போனாலும் அந்தக் கிளை முடிஞ்சது. போனது போனதுதான், திரும்பி வராது. அதனால ஆயிரம் கிராமத்தில் ஆயிரம் கொல்லன்கிட்டே இருந்து தனித்தனியா முளைச்ச கோவால்ஸ்கி நிலைச்சு நிற்கும். ஒரே ஒரு சின்ன கிராமத்தில் இருந்து கிளம்பின கொஞ்சப் பேர் சுமந்த கோபெர்னிக் மெலிஞ்சுக்கிட்டே போகும்.

முழுசா அழிஞ்சிடலை. இன்றைக்கும் போலந்தில் கோபெர்னிக் என்ற பேரோடு மனுஷங்க இருக்காங்க. 2 லட்சம் நோவாக்குகளுக்கு நடுவில் அவங்க ஒரு கைப்பிடி. அதில் யாரும் வானியலாளரோட நேர் வாரிசா இருக்க முடியாது, ஏன்னா நேர் வாரிசே இல்லை. அதே ஊரில் இருந்து வேற வேற சமயத்தில் கிளம்பின வேற வேற குடும்பங்களா இருக்கலாம். எங்கேயோ சதகுப்பை விற்ற யாரோ ஒருத்தருக்குத் தனியா வந்த பட்டப்பேராவும் இருக்கலாம். பேர் ஒண்ணா இருந்தால் ரத்தம் ஒண்ணுன்னு அர்த்தம் இல்லை.

ரத்தம்னதும் ஞாபகம் வருது. கோப்பர்நிக்கஸை ஃப்ரோம்போர்க் பேராலயத்தின் தரைக்கு அடியில்தான் புதைச்சாங்க, ஆனால் எந்த இடம்னு குறி இல்லை. 2005-இல் யெர்ஷி கான்சோவ்ஸ்கி தலைமையில் தொல்லியல் குழு தோண்டினப்ப, 70 வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் மண்டையோடு கிடைச்சது. அவர்தான்னு எப்படி உறுதி பண்றது? மரபணுவை ஒப்பிட வாரிசு வேணும், வாரிசு கிடையாது. உதவிக்கு வந்தது திருட்டுப்போன ஒரு புத்தகம்! 1626-இல் ஸ்வீடன் படை ஃப்ரோம்போர்க் நூலகத்தைச் சூறையாடிக்கிட்டுப் போனப்ப, அவர் வருஷக்கணக்கா புரட்டின ஒரு பஞ்சாங்க நூலும் போச்சு. அது உப்சலா நகரில் பத்திரமா இருந்தது. பக்கங்களுக்கு நடுவில் சில தலைமுடிகள். அதில் இருந்த மைட்டோகாண்ட்ரியா மரபணுவும் எலும்பில் இருந்ததும் பொருந்தினதா 2009-இல் ஆய்வு வெளியாச்சு. மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டே இருந்து மட்டும்தான் வரும். அப்பா கொடுத்த பேரை வச்சு உலகமே அடிச்சுக்கிட்டது. கடைசியில் ஆளை அடையாளம் காட்டினது அம்மா பார்பரா கொடுத்தது. 2010 மே 22 அன்று மரியாதையோடு திரும்ப அடக்கம் செஞ்சாங்க. அதே வருஷம் பிப்ரவரியில்தான் 112-ஆவது தனிமத்துக்கும் அவர் பேர் அதிகாரபூர்வமாச்சு.

கோபெர்னிகி கிராமம் என்ன ஆச்சு? பல நூற்றாண்டா ஜெர்மன் ஆட்சியில் இருந்த பகுதி அது, ஊர்ப்பேரும் ஜெர்மன் வாயில் கொப்பெர்னிக் ஆகியிருந்தது. 1945-இல் எல்லைக்கோடு நகர்ந்தது. சிலேசியா போலந்துக்கு வந்தது. ஜெர்மன் பேசினவங்களில் பெரும்பாலானவங்களை மேற்கே துரத்தினாங்க. கிழக்கே தங்கள் ஊரை இழந்த போலந்துக்காரங்க வந்து குடியேறினாங்க. ஆக, ஊரை விட்டுக் கிளம்பினவனைக் குறிக்க ஒரு பேரைத் தந்த ஊர், ஒரு கட்டத்தில் மொத்தமாவே கிளம்ப வேண்டியதாப் போச்சு. பேர் மட்டும் அங்கேயே நின்னுடுச்சு.

இன்னொரு செய்தி சொல்லி முடிக்கிறேன். அந்த வார்சா சிலை இருக்கே, 1944 எழுச்சியை நசுக்கின பிறகு ஜெர்மன்காரங்க அதை உருக்கிடலாம்னு பெயர்த்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. ரஷ்யப் படை நெருங்கினதும் வழியில் போட்டுட்டு ஓடினாங்க. போலந்துக்காரங்க 1945-இல் தேடிக் கண்டுபிடிச்சு வார்சாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, 1949-இல் பழைய இடத்தில் நிறுத்தினாங்க. சிலை கிடந்த ஊர் பேர் ஹைதூகி நிஸ்கியே. நிசா நகரத்துக்குப் பக்கத்தில். கோபெர்னிகி இருக்கிற அதே வட்டாரம்! கிளம்பிப் போய் ஆறு நூற்றாண்டு கழிச்சு அந்தக் குடும்பத்துக்காரர் ஒருத்தர், வெண்கலத்தில், சொந்த ஊர்ப் பக்கம் வந்து கொஞ்ச நாள் கிடந்துட்டுப் போயிருக்கார்.

ஐரோப்பாவில் இருக்கிற நம்ம பதிவர்கள் யாராவது நிசா வழியா வண்டி ஓட்டிக்கிட்டுப் போனால், கோபெர்னிகி ஊர் எல்லையில் இருக்கிற பெயர்ப்பலகையை ஒரு படம் பிடிச்சு உங்க பதிவில் போடுங்க. பக்கத்துத் தோட்டத்தில் சதகுப்பை இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க!